நனையாத பஞ்சு

நெவ் டிரான்டருக்கு இடது கைப் பழக்கம். அவன் முறுக்கிய கம்பிச் சுருளை ஆயிரம் சுருளுக்கு நடுவில் கலந்து போட்டாலும் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். எல்லோரும் ஒரு பக்கமாகச் சுற்றினால் அவனுடையது மறுபக்கமாகச் சுற்றியிருக்கும். "உன் கம்பி கூட முரண்டு பிடிக்குதுடா" என்று என் புருஷன் ஜோ அவனைக் கேலி செய்வார். ஜோவும் நெவும் மின் நிலையத்தில் பாய்லர் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மோர்வெல் ஊரில் எங்கள் வீட்டுக்கும் நெவ் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலி. அதில் ஒரு பலகை எப்போதோ விழுந்தது, இரண்டு வீட்டாரும் அதைத் திருப்பி அடிக்கவில்லை. ஜோ செத்துப்போன பிறகு அந்தச் சந்து வழியாகத்தான் எனக்கு முட்டையும் ஊர்வம்பும் வந்துகொண்டிருந்தன.

நிலையத்தை மூடியபோது மற்ற ஆண்கள் கிளப்புக்குப் போய்ச் சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். நெவ் தன் ஷெட்டுக்குள் போனான். எதையும் தூக்கிப் போடமாட்டான். தேய்ந்த ஆணி, உடைந்த ரேடியோ, மூடி தொலைந்த டப்பா, எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் இருக்கும். "ஒருநாள் என்னையும் துடைச்சு எண்ணெய் போட்டு மேல் தட்டுல வைச்சிடுவான் பாரு" என்பாள் அவன் பெண்டாட்டி மார்லீன்.

மார்லீன் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போதே அவர்களின் அப்பனைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். கல்யாணப் போட்டோவில் கூட ஒரு கையில் கேக் கத்தி, மறு கையில் சிகரெட். நெவும் அப்படித்தான். அந்த வீட்டுச் சமையலறைக் கூரை ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு இருவரும் வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு மாறினார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாறினார்கள். "தீ இல்ல, சாம்பல் இல்ல, வெறும் ஆவி" என்று ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு அந்தப் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பேக்கரியில் கேட்டாலும் அதே, பஸ் நிறுத்தத்தில் கேட்டாலும் அதே.

அந்தக் கருவிக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதன் நடுவில் ஒரு துண்டுப் பஞ்சு. ஜூஸ் என்று சொல்லும் நிகோடின் திரவத்தைப் பஞ்சு குடிக்கும், பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும், ஆவி வரும். அவ்வளவுதான் வித்தை. இழுக்க இழுக்க ஜூஸில் இருக்கிற இனிப்பு கம்பியில் கருகி ஒட்டிக்கொள்ளும், ஜாம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி. அப்புறம் ஒவ்வொரு இழுப்பிலும் கருகல் ருசி. மற்றவர்கள் சுருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். நெவ் மட்டும் பழையதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான். எதற்கு என்று கேட்டால், "கம்பி நல்லாத்தானே இருக்கு" என்பான்.

பிறகு அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. வேப் கடைகளெல்லாம் மூடின. மருந்துக்கடையில் கேட்டால் இரண்டு மூன்று வகைதான் கொடுப்பார்கள், அதற்குத் தனிச் சுருள் கிடையாது. சிகரெட் கடைக்காரர்கள் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சாமானில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அப்போதுதான் நெவின் பிஸ்கட் டின்னுக்கு மவுசு வந்தது. தெருவில் ஒவ்வொருவராகக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஷெட் வாசலில் நின்றார்கள்.

நானும் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, என் பழக்கம் வேடிக்கைதான். முதலில் கருவியைப் பிரிப்பான். இடுக்கியால் பழைய பஞ்சைப் பிடுங்குவான். கறுத்துப்போய், செத்த புழு மாதிரி வரும். சுருளை வெந்நீரில் அலசிவிட்டுப் பொத்தானை விட்டு விட்டு அழுத்துவான். நடுவிலிருந்து கம்பி சிவக்கத் தொடங்கி இரண்டு பக்கமும் பரவும். ஒரு இடம் மட்டும் முந்திச் சிவந்தால் அவனுக்குப் பிடிக்காது, இடுக்கியால் மெல்ல வருடிச் சரிசெய்வான். ஒட்டியிருந்த கசடு சாம்பலாகி உதிரும். பிறகு ஜாம் ஜாடித் தண்ணீரில் முக்குவான், சுர்ரென்று ஒரு சத்தம். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி காய்ச்சுவான். ரொம்பத் தேய்ந்த கம்பி என்றால் புதுக் கம்பியை அவனே முறுக்குவான், இடது கையால்.

"என்னடா இது, பல் டாக்டர் கடையா?" என்று நான் கேட்டேன் ஒருநாள்.

"வாயை மூடிக்கிட்டு உட்காருற நோயாளி கிடைச்சா நல்லாயிருக்கும், கார்மென்" என்றான்.

ஆனால் முக்கியமான வேலை அதற்கு அப்புறம்தான். புதுப் பஞ்சைச் சுருளுக்குள் கோத்து நுனியை வெட்டிவிட்டு, தன் சொந்தப் புட்டியிலிருந்து ஜூஸ் சொட்டுச் சொட்டாக விட்டு நனைப்பான். அத்தோடு கொடுத்துவிடமாட்டான். கெட்டிலைப் போடுவான். வந்தவர் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கவேண்டும். அதற்குள் பஞ்சு உள்வரை ஊறிவிடும். அவசரமாகப் போகவேண்டும் என்று யாராவது முனகினால், "காய்ஞ்ச பஞ்சு தீப்பிடிக்கிற பஞ்சு. டீயைக் குடி" என்பான். டீ குடிக்காமல் நெவிடம் கம்பி வாங்க முடியாது என்று தெருவெல்லாம் சிரித்தது.

இதற்கிடையில் மார்லீனுக்கு மூச்சு போதாமல் போனது. கழிப்பறை வரை நடந்தால் திரும்பி வந்து கால் மணி நேரம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. படுக்கையறை மூலையில் அது புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து நீளமான குழாய் அவள் மூக்குக்கு. குழாயை மாட்டிய முதல் நாள் அவள் முகத்தில் நிறம் திரும்பியதை நான் பார்த்தேன். நெவ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

மெஷின் கொண்டுவந்த பெண் நல்ல பெண்தான், கறாரான பெண். "வீட்டுக்குள்ள சிகரெட்டோ வேப்போ இருக்கக் கூடாது மிஸ்டர் டிரான்டர். தீ விபத்து ஆயிடும். இருக்குன்னு தெரிஞ்சா மெஷினைத் திரும்ப எடுத்துக்கவேண்டி வரும். தப்பா நினைக்காதீங்க."

"நான் செத்தாலும் பரவாயில்ல, மெஷினைப் பத்திரமா எடுத்துட்டுப் போங்கம்மா" என்றாள் மார்லீன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அன்றே நெவ் தன் கருவியைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டான். அவள் இழுக்கக்கூடாது என்றால் அவனும் இழுக்கமாட்டான். ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு மதியத்தில் விட்டான். ஷெட் வேலை மட்டும் தொடர்ந்தது. எனக்குக் கோபம்தான். குடியை விட்டவன் சாராயக் கடை நடத்துவானா என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா வாய் கேட்கும்" என்றான். அவன் வைத்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: ஷெட்டுச் சாமான் எதுவும் பின்வாசல் படியைத் தாண்டக் கூடாது. கம்பி, பஞ்சு, புட்டி, எதுவும். ஷெட்டில் போடும் மேல்சட்டையைக் கூட ஷெட் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான்.

அந்தச் சட்டை விஷயத்தில் மட்டும் அவள் அவனை ஜெயித்தாள். அதில் மாம்பழ ஜூஸ் வாசனை ஏறியிருக்கும். "சட்டையை மாத்தாம வா. வாசனை பார்க்கிறதுக்குக் கூடவா சட்டம் போட்டிருக்காங்க?" என்பாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவான். அவள் மூக்குக் குழாயோடு அவன் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். துணி உலர்த்தும்போது ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்காமல் துணி உலர்த்தினேன்.

ஆனால் வாசனை ஆசையை அடக்குமா? கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஒரே ஒரு இழுப்பு, நெவ்."

"மாட்டேன்."

"வெளியில வைச்சுக் குடு. குழாயைக் கழட்டிடறேன்."

"கழட்டினா ஆச்சா? உன் ஸ்வெட்டர், முடி, போர்வை எல்லாத்துலயும் ஆக்சிஜன் ஏறியிருக்கு. ஒரு பொறி போதும் மார்லீன்."

"பொறி எங்கேர்ந்துடா வரும்? ஆவிதானே?"

"பஞ்சு காய்ஞ்சிருந்தா கம்பி சிவக்கும். நான் தினம் பார்க்கிறேன்."

"கல்நெஞ்சுக்காரன்."

"ஆமா" என்பான். "உன்னைக் கொஞ்ச நாள் கூட வைச்சுக்கணும்னு நினைக்கிற கல்நெஞ்சுக்காரன்."

இதையெல்லாம் நான் என் காதால் கேட்டேன், அதனால்தான் பிற்பாடு ஊர் பேசியபோது எனக்கு வயிறு எரிந்தது.

மார்லீனுக்கு ஒரு தங்கை, கிளெண்டா. அம்மா சீக்கிரம் போனதால் மார்லீன்தான் அவளை வளர்த்தாள், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பினாள். கிளெண்டா கட்டிய இரண்டு புருஷன்களும் சரியில்லை, பிள்ளை இல்லை. பேக்கரியில் வேலை. அக்கா சொன்னால் கிணற்றில் குதிப்பாள், எதற்கு என்று குதித்த பிறகு யோசிப்பாள். வியாழக்கிழமை தோறும் மீனும் சிப்ஸும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வருவாள். அவளும் வேப் இழுப்பவள்தான், ஆனால் கருவியை ஷெட்டில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். அந்த வரைக்கும் நெவின் பேச்சைக் கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதைப் பாதி நான் பார்த்தேன், மீதியைக் கிளெண்டா பிற்பாடு என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

அவள் கருவி கருகல் ருசி அடிக்கிறது என்று முந்தின வாரமே நெவிடம் கொடுத்திருந்தாள். அவன் பழைய சுருளை டின்னில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று முறுக்கிப் பஞ்சு கோத்து வைத்திருந்தான். நனைக்கலாம் என்று புட்டியை எடுத்தால் காலி. அவன்தான் இழுப்பதை விட்டுவிட்டானே, புதுப் புட்டி எதற்கு வாங்குவான்? அந்த நேரம் பார்த்து மருந்துக்கடையிலிருந்து போன், மார்லீனின் மாத்திரை வந்துவிட்டது, மூடுவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

"போ நெவ், நான் இருக்கேன்ல" என்றாள் கிளெண்டா.

"இதை நனைக்கல. வீட்டுக்குப் போய் ஜூஸ் ஊத்து. டீ குடிச்சு முடி. அப்புறம் இழு. என்ன?"

"தெரியும்பா. பச்சைக் குழந்தையா நான்?"

நான் வேலிக்கு இந்தப் பக்கம் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். காய்ந்த பஞ்சோடு அவன் ஒரு கருவியை ஒருவர் கையில் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

வீட்டுக்குள் மார்லீன் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "போயிட்டானா? எங்கே, குடு" என்றாளாம். பல வாரமாகத் தங்கையைக் கரைத்து வைத்திருந்தாள். முடியாது என்று சொல்லிச் சொல்லிக் கிளெண்டாவுக்கு அலுத்துப்போயிருந்தது. "உன் தலையை யாரு பின்னி விட்டா? நான் உன்கிட்ட என்ன கேட்கிறேன், உன் ஈரலையா கேட்கிறேன்? செத்துக்கிட்டிருக்கேன் கிளெண்டா. ஒரு இழுப்பு." கிளெண்டா படியைத் தாண்டி ஷெட்டுக்குப் போய்க் கருவியை எடுத்து வந்தாள். சமையலறையில் தன் பையிலிருந்த ஜூஸை அதில் ஊற்றினாள். டீக்கு யார் காத்திருப்பது? நெவ் திரும்பி வந்துவிடுவானே.

இரண்டு பேரும் ஜாக்கிரதையாக இருந்தார்களாம். ஜாக்கிரதை! மூக்குக் குழாயைக் கழற்றி மார்லீன் மடியில் வைத்துக்கொண்டாள். மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை. மடியில் கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் குழாய், குழாயிலிருந்து ஆக்சிஜன். தீ இல்லை, வெறும் ஆவிதானே.

ஆசையோடு நீளமாக இழுத்தாள். பஞ்சின் உட்புறம் வரை ஜூஸ் போயிருக்கவில்லை.

கிளெண்டா போட்ட சத்தத்தில் நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வேலிச் சந்து வழியாக ஓடினேன். நான் பார்த்ததைச் சொல்லப்போவதில்லை. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள், துணியில் பார்க்காததில்லை. ஆனால் ஆளில் பார்ப்பது வேறு. மெஷின் சுவிட்சை அணைத்தேன், போர்வையை நனைத்து அவள் மேல் போட்டேன். கிளெண்டா தன் இரண்டு கையாலும் அக்காவின் ஸ்வெட்டரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மாத்திரைப் பையோடு நெவ் வந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

ஹெலிகாப்டரில் மெல்பர்னுக்குக் கொண்டுபோனார்கள். தோல் பிழைத்திருக்கும், மூச்சுக்குழல்தான் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். நெவ் அவளிடம் கடைசியாக என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அவள் வாயில் குழாய் இருந்தது, பதில் சொல்லியிருக்க முடியாது.

அடக்கத்துக்கு முன்னால் போலீஸ்காரப் பெண் ஒருத்தியும் தீயணைப்பு அதிகாரி ஒருவரும் வந்தார்கள். நான் சமையலறையில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தேன். கிளெண்டா கையில் கட்டோடு தொட்டி ஓரம் நின்றாள். மேற்கே சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் டேரன் விமானம் பிடித்து வந்திருந்தான், சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார். உருகிப்போன கருவி, அதன் நடுவில் கறுத்த கம்பி.

"இது யாருடையதுன்னு தெரியுமா மிஸ்டர் டிரான்டர்?"

நெவ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிளாஸ்டிக் உருகிவிடும், கம்பி உருகாது. சுருள் அவன் முறுக்கும் மறுபக்கமாகத்தான் சுற்றியிருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் தோளிலேயே தெரிந்தது. யாருடைய கருவி, யார் படி தாண்டிக் கொண்டுவந்தது, அதில் எந்தப் பஞ்சு, எல்லாம்.

கிளெண்டா வாயைத் திறந்தாள்.

"என்னுது" என்றான் நெவ்.

"நெவ்..." என்றாள் அவள்.

"கிளெண்டா, இவங்களுக்கு டீ போடு" என்றான். "என்னுதுதான். நான் முறுக்கின கம்பி. கட்டில் பக்கத்துல வைச்சுட்டுப் போயிட்டேன்."

கத்தி என் கையில் அப்படியே நின்றது. போலீஸ்காரப் பெண் எழுதிக்கொண்டாள். டேரன் எழுந்து நின்றான். நல்ல உயரம், அப்பனை விட உயரம். "மெஷின்காரங்க சொல்லலையா உன்கிட்ட? சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"ஊருக்கெல்லாம் கம்பி கழுவிக் குடுத்துக் குடுத்து, கடைசில அம்மாவைக் கொன்னுட்டே."

நெவ் கண்ணாடியைக் கழற்றி மடக்கினான். கிளெண்டா கெட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்காக அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடக்கத்தில் டேரன் அப்பனோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கவில்லை. மறுபக்கம் நின்று தூக்கினான், குழியருகில் கைகூடக் கொடுக்கவில்லை, அன்றைக்கே விமானம் ஏறிவிட்டான். விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். ஊர் அப்படி முடிக்கவில்லை. நெவின் டீயைக் குடித்துக் குடித்துக் கம்பி வாங்கிப்போன அதே ஆட்கள், "வீட்டுக்குள்ள ஆக்சிஜனை வைச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்று பேக்கரி வரிசையில் பேசினார்கள். கிளெண்டா அவர்களுக்கு ரொட்டி நறுக்கிக் கொடுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலைதான் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே வேலிச் சந்து வழியாகப் போனேன். நெவ் ஷெட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"டேரனுக்குப் போன் பண்ணப் போறேன்" என்றேன்.

"பண்ணாதே கார்மென்."

"உனக்குன்னு இருக்கிறது ஒரே பிள்ளை. அவன் உன்னைக் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். நீ தியாகி வேஷம் போட்டுக்கிட்டு இருட்டுல உட்கார்ந்திருக்கே."

"வேஷம் ஒண்ணும் இல்ல. கம்பி என்னுது. பஞ்சு நான் கோத்தது. நனைக்காம குடுத்தது நான்தான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நனைக்காம குடுத்தேன்." கையிலிருந்த இடுக்கியை எடுத்து அலமாரியில் வைத்தான். "கிளெண்டாவுக்கு அக்காதான் அம்மா. கொன்னது நீதான்னு ஊர் சொன்னா அவ தாங்கமாட்டா. நான் தாங்குவேன்."

"நீ தாங்குறியா?"

ஆணியில் அந்த மேல்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துவைக்கவேயில்லை என்று தெரிந்தது. நான் எத்தனையோ பேரின் துணியைத் துவைத்தவள், அந்தச் சட்டையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

பிஸ்கட் டின்னை மூடிவிட்டான். யாரும் வரவுமில்லை. மழைக்காலம் முழுக்க ஷெட் பூட்டியே கிடந்தது. கிளெண்டா மட்டும் வியாழக்கிழமை தோறும் மீன் பொட்டலத்தோடு வந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வேப் பக்கம் அவள் திரும்பவில்லை. அதற்குப் பதில் பழைய சிகரெட்டுக்கே போய்விட்டாள். கையிலிருப்பது அணைவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து இருமுவாள். அப்படியே மார்லீனின் இருமல். முதலில் வறட்டுச் சத்தம், பிறகு அடியிலிருந்து ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான் என் வீட்டுக்குள் இருந்தபடியே ஒருநாள் மார்லீன்தான் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

நெவுக்கும் அது கேட்டிருக்கத்தானே வேண்டும்?

வசந்தம் தொடங்கியபோது ஒரு வியாழக்கிழமை பிற்பகல் ஷெட் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். துணியை எடுக்கிற சாக்கில் வேலிச் சந்துப் பக்கம் போனேன். நெவ் அந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய கருவியை அலமாரியிலிருந்து இறக்கிப் பிரித்து வைத்திருந்தான். கிளெண்டா வாசலில் சிகரெட்டோடு நின்றாள், உள்ளே வரவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் வேலை பார்த்தான். பழைய பஞ்சைப் பிடுங்கினான். கம்பியை அலசினான். காய்ச்சினான். கம்பி சிவந்ததும் கிளெண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கையும் நின்றது, கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீரில் முக்கினான், சுர்ரென்றது.

"வேண்டாம் நெவ்" என்றாள்.

"உன் இருமலைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான். "எனக்கு மறுபடி அந்த மெஷின் சத்தத்தைக் கேட்கத் தெம்பு இல்ல. போகப் போக இதையும் விட்டுடலாம். முதல்ல சிகரெட்டைப் போடு கீழே."

மேஜையில் புதுப் புட்டி ஒன்று இருந்தது. புதுப் பஞ்சைக் கோத்து, நுனியை வெட்டி, ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டான். முன்பெல்லாம் நாலைந்து சொட்டு விடுவான், அன்றைக்கு விட்டுக்கொண்டே இருந்தான், வழிந்து மேஜையில் ஓடியது. கெட்டிலைப் போட்டான். இரண்டு கோப்பை டீ எடுத்துக்கொண்டு வந்து ஒன்றை அவள் கையில் கொடுத்தான். இருவரும் ஆளுக்கொரு பெட்டி மேல் உட்கார்ந்து, கருவியை நடுவில் வைத்துக்கொண்டு, டீயைக் கடைசி வாய் வரை குடித்தார்கள்.

பிறகு அவன் கருவியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. தழும்புக் கையை மடியில் மூடி வைத்திருந்தாள்.

"நனைச்சிருக்கேன்" என்றான் நெவ். "தொட்டுப் பாரு. நல்லா நனைச்சிருக்கேன்."

அவள் விரல் நுனியால் பஞ்சைத் தொட்டாள். தொட்ட விரலை மடக்கிக்கொண்டு, அவன் மேல்சட்டைக் கையைப் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான், முன்பு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி.

நான் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். டேரனின் நம்பர் என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இதுவரை நான் கூப்பிடவில்லை.